திரையின் நடுவில் ஒரு வளைவு

ஜூன் 2, ஞாயிறு

எழுந்ததும் முதல் வேலையாக, பல் கூடத் துலக்காமல், கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினேன். நான்கு திருகாணிகள். மூன்று கழன்றுவிட்டன. நான்காவது, ஸ்க்ரூ டிரைவரின் நுனிக்கு அகப்படாமல் விலகிக்கொண்டே இருந்தது. மட்டமான ஸ்க்ரூ டிரைவர்.

கம்ப்யூட்டர் என்றால் மடியில் வைத்துக்கொள்ளும் வகை இல்லை. எண்பதுகளில் வீடுகளுக்கும் பள்ளிகளுக்குமாக வந்தது. கீபோர்டுக்குள்ளேயே மொத்த மெஷினும் அடக்கம். அதற்கென்று திரை கிடையாது, வீட்டு டிவியில் செருகிக்கொள்ள வேண்டும். போன மாதம் பழைய இரும்புக் கடையில், ஏதோ ஒரு பள்ளி கழித்துப் போட்ட பெஞ்சுகளுக்கு அடியில் கிடந்தது. நான் படித்த பள்ளியிலும் இதே போல ஒன்று இருந்தது. ஐந்தாம் ரேங்க் வரை எடுத்தவர்கள்தான் தொடலாம். நான் ஆறாவது. நாற்பத்தாறு வயதில் இதைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கு இளமைக்கால நினைவு, பாசம் என்றெல்லாம் காரணம் சொன்னால் அது பொய். இது பழிவாங்கல்.

உயிர் இருக்கிறது. சுவிட்ச் போட்டால் 'பீப்' என்கிறது. படம்தான் இல்லை. பின்பக்கத்தில் ஆன்டெனா வயர் செருகும் துளை ஒன்று உண்டு. அதை டிவியில் மாட்டி சானல் தேடச் சொன்னால், டிவி பத்து நிமிடம் தேடிவிட்டு, மழையில் நனைந்த செய்தித்தாளைப் போல எதையோ காட்டுகிறது.

"மேகலா, கிரிக்கெட் ஆரம்பிச்சாச்சு. உன் எறும்புப் புத்தை எப்ப எடுப்ப?" என்றார் குணசீலன். காகித ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு ஞாயிறும் டிவியும் ஒன்றாகக் கிடைப்பது மாதத்தில் ஒரு முறைதான். நான் எடுக்கவில்லை.

நறுமுகை பிளஸ் டூ. கேள்வி கேட்பதில் வக்கீல்.

"இதுல என்னம்மா பண்ணப் போற?"

"முதல்ல படம் தெளிவா வரணும்."

"வந்ததுக்கு அப்புறம்?"

அதைப் பற்றி நான் யோசித்திருக்கவில்லை என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

கம்பெனியில் செல்லாண்டியின் துணியை ரிஜெக்ட் செய்தேன்.

இருபத்தோரு வருடமாக அதே மேஜை. விசைத்தறிக்காரர்கள் நெய்து அனுப்பும் துணியை, அடியில் விளக்கு எரியும் சாய்ந்த கண்ணாடி மேஜை மேல் ஓடவிட்டுப் பார்ப்பேன். நான் கையெழுத்துப் போட்டால் அது கப்பலேறும், இல்லாவிட்டால் தறிகள் இருக்கும் வெங்கமேட்டுக்கே திரும்பிப் போகும். கட்டம் போட்ட துணியில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, குறுக்கே ஓடும் ஊடை நூல் வளையாமல் நேராக இருக்கிறதா என்பது. ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து அளக்க வேண்டும் என்பது விதி. நான் ஸ்கேலை எடுத்துப் பத்து வருடம் இருக்கும். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் கோட்டின் மேல் ஒரு பார்வை. அவ்வளவுதான். மேஜைப் பெண்கள் எனக்கு 'லேசர் அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் அதைத் தடுத்ததில்லை.

செல்லாண்டிக்கு எட்டுத் தறிகள். சமையலறைத் துண்டுக்கான பொடிக் கட்டத் துணியை இந்த மாதம் அவர் மட்டும்தான் நெய்கிறார். மற்றவர்களுக்கெல்லாம் கட்டமே இல்லாத படுக்கை விரிப்பு.

"வளைஞ்சிருக்கு செல்லாண்டி."

"எங்கீங்க்கா?"

"நடுவுல."

குனிந்து பார்த்தார். "எனக்கு நேராத்தானுங்க தெரியுது."

"அவங்கவங்க தறியில நெய்ஞ்சது அவங்கவங்களுக்கு நேராத்தான் தெரியும்."

பெண்கள் சிரித்தார்கள். நல்ல வாக்கியம்தான்.

"ஒருவாட்டி ஸ்கேலு வெச்சுப் பாத்துருங்களேன்."

"நான் பாத்ததுக்கப்புறம் ஸ்கேல் வெச்சா, ஸ்கேலுக்குத்தான் அவமானம்."

அதற்கும் சிரித்தார்கள். செல்லாண்டி சிரிக்கவில்லை.

வீடு திரும்பும்போது பஸ்ஸிலிருந்து இறங்குகையில் படி இருக்கும் என்று நினைத்த இடத்தில் படி இல்லை. முட்டியில் சிராய்ப்பு. பஸ்களை இப்போதெல்லாம் எப்படித்தான் செய்கிறார்களோ.

ஜூன் 9, ஞாயிறு

மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு ஜெசிந்தாவின் கடைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மொபைல் சர்வீஸ் கடை. என்னைவிட எட்டு வயது இளையவள். பூதக்கண்ணாடிக்கு அடியில் எறும்பின் காலைக்கூடச் சால்டர் செய்துவிடுவாள்.

"என்னக்கா இது, ஹார்மோனியமா?"

சொன்னேன். திறந்து பார்த்தாள்.

"ஆன்டெனா வழிய விட்ருங்க. இந்த டப்பா, படத்தை அரைச்சுக் கரைச்சு ஆன்டெனா வயர்ல ஊத்துது. டிவி அதத் திருப்பி வடிகட்டுது. அப்புறம் எப்படித் தெளிவா வரும்? இதோ, மஞ்சள் பின்னு போடுற துளை இருக்கு. இதுல எடுங்க."

எடுத்தோம். படம் வந்தது, கறுப்பு வெள்ளையில். கலர் வேண்டுமென்றால் போர்டில் ஒட்டாமல் விட்டிருக்கும் இரண்டு புள்ளிகளை இணைக்க வேண்டுமாம். சால்டரிங் அயர்னை நான்தான் கையில் வாங்கினேன். புள்ளிக்கு இடது பக்கம் ஒரு சொட்டு ஈயம் வைத்தேன். வலது பக்கம் ஒரு சொட்டு. மேலே ஒரு சொட்டு.

"கோலமாக்கா போடுறீங்க? குடுங்க." பிடுங்கிக்கொண்டாள். "கண்ணாடி பவர் மாத்தி எவ்ளோ நாளாச்சு?"

"மைனஸ் ஒன்பது. அதுக்கு மேல போனா கண்ணாடி போட மாட்டாங்க, நாய்தான் குடுப்பாங்க."

சிரித்தாள். கலர் வந்தது. ஆனால் சிவப்பு எழுத்து, வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஓரமெல்லாம் வழிகிறது. இது தெளிவு இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

செய்தித்தாளின் அச்சு ரொம்ப மோசம். ஒவ்வொரு வரியிலும் எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. நிறுத்திவிடலாம் என்று குணசீலனிடம் சொன்னேன்.

ஜூன் 13, வியாழன்

செல்லாண்டியின் இரண்டாவது லாட். இதுவும் நடுவில் வளைவு, முன்னதைவிட அதிகம். மேனேஜர் சிவப்பிரகாசம் வந்து நின்றார்.

"ரெண்டாவது தடவை ஆச்சே மேடம். தறிக்காரங்க லிஸ்ட்டுல இருந்து அவரை எடுத்துரலாமா?"

"தரம் இல்லைன்னா எடுக்கிறதுதானே சார் முறை."

ரிஜெக்ட் நோட்டில் கையெழுத்துப் போட்டேன். செல்லாண்டி வாசலில் நின்றிருந்தார். நான் பின்பக்கமாகப் போனேன், அந்த வழியில் நிழல் இருப்பதால்.

ஜூன் 14, வெள்ளி

காலை ஆறு மணிக்குச் சுவிட்ச் போட்டதும் கம்ப்யூட்டருக்குள் 'டப்' என்று சத்தம். வெள்ளைப் புகை. கருவாடு கருகிய நாற்றம். முப்பது வருடத்துக்கும் மேலான கெபாசிட்டர் ஒன்று வெடித்திருக்கிறது. குணசீலன் ஓடி வந்து கேஸ் சிலிண்டரைக் கொல்லைக்குத் தூக்கிப் போனார். அப்புறம் நறுமுகையை வெளியே இழுத்தார். அதற்கப்புறம் என்னைக் கூப்பிட்டார். வரிசையைக் குறித்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஜெசிந்தா புதியது போட்டுக் கொடுத்தாள். "இன்னும் வெடிக்கிறதுக்கு உள்ள ஏதாச்சும் இருக்காடி?" என்று கேட்டேன். "நீங்கதாங்க்கா பாக்கி" என்றாள்.

ஜூன் 16, ஞாயிறு

வெற்றி, முக்கால்வாசி.

மெஷினின் பின்னால் ஆறு ஓட்டையுள்ள ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கலக்காமல் தனித்தனிக் கம்பியில் வருகின்றன. அதை இன்றைய டிவிக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் ஒரு குட்டிப் பெட்டியை ஆன்லைனில் வரவழைத்திருந்தேன். மாட்டினேன். கறுப்பு நிஜமாகவே கறுப்பு. எழுத்தின் விளிம்பைத் தொட்டால் விரல் அறுபடும் போல இருந்தது. எனக்கு முன்னால் ரேங்க் எடுத்த ஐந்து பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டலாம்.

ஆனால் நடுவில் ஒரு வளைவு.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒன்பது வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். கறுப்புத் திரையில் வெள்ளைக் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன், மேஜைப் பழக்கம். புள்ளியைச் சுற்றியிருக்கும் கோடுகள் உள்ளே குழிந்து போகின்றன, யாரோ விரலால் அமுக்கியது போல. குடும்பத்தைக் கூப்பிட்டேன்.

"எங்கம்மா வளைஞ்சிருக்கு?"

"நடுவுல பாரு."

"நேராத்தாம்மா இருக்கு."

போனிலேயே வளர்ந்த தலைமுறை. படத்தைப் பார்க்கக் கண் பழக வேண்டும்.

குணசீலனும் பார்த்தார். "ஜன்னல் கம்பி மாதிரி நேரா இருக்கேம்மா."

ஜன்னலைப் பார்த்தேன். "ஏங்க, அந்த ஜன்னல் கம்பியே நேரா இல்லை."

உண்மைதான். நடுக்கம்பி கொஞ்சம் தொய்ந்திருக்கிறது. வீடு கட்டிய மேஸ்திரியை அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாமல் இருந்திருக்கிறது. குணசீலன் ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ போடப் போனார்.

ஜூன் 19, புதன்

வேறு கேபிள் வாங்கினேன். வளைவு போகவில்லை. அந்தக் குட்டிப் பெட்டியைத் திருப்பி அனுப்பி வேறொன்று வாங்கினேன். போகவில்லை. பக்கத்தில் மோட்டார் ஓடினால் படம் கெடும் என்று எங்கோ படித்தேன். ஃப்ரிட்ஜை ஹாலிலிருந்து படுக்கையறைக்குத் தள்ளினோம். போகவில்லை. இப்போது ஃப்ரிட்ஜும் அங்கேதான் இருக்கிறது, திரும்பத் தள்ள குணசீலன் மறுத்துவிட்டார். கடைசியில் ஜெசிந்தாவிடமிருந்து பழைய டப்பா டிவி ஒன்றை ஆட்டோவில் கொண்டுவந்து மாட்டினேன். புது டிவியில் இருந்த அதே வளைவு, அதே இடத்தில், என்னுடன் ஆட்டோவில் வந்தது போல உட்கார்ந்திருக்கிறது.

டிவிகள் இரண்டும் நிரபராதி. ஆக, கோளாறு மெஷினில்தான். படம் வரையும் சிப்பை மாற்ற வேண்டும். தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 22, சனி

சிப் விற்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர், முதலில் திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். போனில் பிடித்து அனுப்பினேன். காலையில் பதில் வந்திருந்தது. இவ்வளவு சுத்தமான படத்தை இந்த மெஷினிலிருந்து இதுவரை பார்த்ததில்லையாம். எந்தச் சிப்பையும் தொடாதே என்கிறார்.

நடுவை நன்றாகப் பார் என்று பதில் எழுதுவதற்காக, நான் அனுப்பிய படத்தை விரலால் பெரிதாக்கினேன். போனிலும் நடுவில் வளைவு. இதோ, பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மூலையில் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். மூலையும் வளைந்தது. நடு நேரானது. திரும்ப நடுவைப் பார்த்தேன். மூலை நேரானது.

நான் பார்க்கிற இடத்துக்கெல்லாம் வளைவு கூடவே வந்தது.

வலது கண்ணை மூடினேன். எல்லாக் கோடும் நேர். இடது கண்ணை மூடினேன்.

போனை வைத்துவிட்டு அரிசி களைந்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

திரைச்சீலைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். மேஸ்திரி மேல் தப்பில்லை.

ஜூன் 24, திங்கள்

குணசீலனிடம் சொன்னேன். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். உடனே லீவு சொல்ல ஆலைக்கு போன் செய்தார். அதுதான் பயமாக இருந்தது.

ஜூன் 25, செவ்வாய்

திருச்சியில் கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து, காத்திருத்தல், மறுபடியும் சொட்டு மருந்து. அப்புறம் ஒரு பெண் என் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தாள். கட்டம் கட்டமாகக் கோடுகள், நடுவில் ஒரு புள்ளி.

"நடுவுல புள்ளியைப் பாருங்கம்மா. கோடெல்லாம் எப்படித் தெரியுது?"

"இது என்னோட புரோகிராம்" என்றேன்.

அவள் குணசீலனைப் பார்த்தாள். "இவங்களுக்கு வேற ஏதாச்சும் மாத்திரை போயிட்டிருக்கா சார்?"

டாக்டர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். விழித்திரையின் நடுப்பகுதிக்குப் பின்னால், இருக்கக் கூடாத இடத்தில் ரத்தக்குழாய் முளைத்துக் கசிகிறதாம். என்னைப் போல அதிக மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு வருவதுண்டாம். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். அடுத்த செவ்வாய் முதல் ஊசி.

"எப்ப இருந்து இப்படித் தெரியுது?"

"மே கடைசியில இருந்தே இருந்திருக்கும் டாக்டர்."

"உடனே ஏன் வரலை?"

"டிவி ரிப்பேருன்னு நெனச்சேன்."

"ஒரு மாசமாவா?"

"கேபிளெல்லாம் மாத்திப் பாத்தேன்."

"ஃப்ரிட்ஜையும் தள்ளி வெச்சோம்" என்றார் குணசீலன், உதவியாக. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

பழையபடி ஆகுமா என்று கேட்டேன். மேலும் கெடாமல் நிறுத்த முடியும், நிறையப் பேருக்குக் கொஞ்சம் தெளிவும் வரும், ஆனால் வளைவு கொஞ்சம் மிச்சம் இருக்கலாம் என்றார். இடது கண்ணில் ஒன்றும் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் குணசீலன், "இது என்னோட புரோகிராமாம்" என்று ஆரம்பித்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். குளித்தலை தாண்டும்போது பார்த்தால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

ஜூன் 26, புதன்

சிவப்பிரகாசத்துக்கு போன் செய்து, கண்ணில் சின்ன ட்ரீட்மென்ட், இரண்டு வாரம் லீவு வேண்டும் என்றேன்.

"தாராளமா எடுத்துக்குங்க மேடம். மேஜை உங்களுக்காக அப்படியே இருக்கும். உங்க கண்ணு இல்லாம இங்க எதுவும் ஓடாது."

எந்தக் கண் என்று அவர் கேட்கவில்லை.

ஜூன் 28, வெள்ளி

காலையில் நறுமுகையின் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. செல்லாண்டி. எடுக்காமல் விட்டேன். திரும்ப வந்தது. எடுத்தேன்.

"அக்கா, செல்லாண்டி பேசறனுங்க. கண்ணுல என்னமோ ஊசி போடுறாங்கன்னு வேன் டிரைவரு சொன்னான். மனசு கேக்கலைங்க, அதான்."

"சின்னதுதான். ஒண்ணுமில்லை."

"அப்படிச் சொல்லாதீங்க்கா, கண்ணு விஷயம். நம்ம பெரியப்பாவுக்கும் ஊசி போட்டாங்க, வலியெல்லாம் தெரியாதாம். ஊசி போட்டுட்டு ஒரு வாரம் தலைக்குத் தண்ணி ஊத்தாதீங்க."

"சரி." அப்புறம் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. "தறியெல்லாம் ஓடுதா செல்லாண்டி?"

"நாலு நிறுத்திட்டனுங்க. லிஸ்ட்டுல இல்லைன்னதும் மத்த கம்பெனிக்காரங்களும் யோசிக்கறாங்க. ரெண்டு பேரை வேற எடம் பாத்துக்கச் சொல்லிட்டேன். தறியிலதான் ஏதோ கோளாறுன்னு மெக்கானிக்கக் கூட்டியாந்து கழட்டிக் கழட்டிப் பாத்துட்டேன். அவனுக்கு ஒண்ணும் புடிபடலை. ஒரு மாசமா மாத்தாத பார்ட்டு இல்லீங்க."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"உங்க மேல வருத்தமெல்லாம் இல்லீங்க்கா. நீங்க பாத்தாச் சரியாத்தான் இருக்கும். ஒடம்பப் பாத்துக்குங்க."

வைத்துவிட்டார். சீருடையில் இஸ்திரிப் பெட்டியின் அளவுக்கு ஒரு பழுப்பு. புதிது வாங்க வேண்டும். நறுமுகை கத்துவாள்.

ஜூன் 30, ஞாயிறு

இன்று முழுக்க நல்ல பிள்ளையாக இருந்தேன். டப்பா டிவியை ஜெசிந்தாவிடம் திருப்பிக் கொடுத்தேன். கிரிக்கெட்டுக்கு ஹால் டிவியை விட்டுக்கொடுத்தேன். நாளைக்கும் லீவுதானே, நல்லாத் தூங்கு என்றார் குணசீலன். ஆமாம் என்றேன்.

நடந்ததைக் கோர்வையாக எழுதிப் பார்க்கிறேன், மனதுக்குள் வைத்திருந்தால் எனக்குச் சாதகமாகத் திருத்திக்கொள்கிறேன். அந்த இரண்டு லாட்டையும் வலது கண்ணால் மட்டும் பார்த்தேன். அளக்கவில்லை. அளக்கச் சொன்ன மனிதரை நாலு பெண்கள் நடுவில் கிண்டல் செய்தேன். வளைவு துணியில் இல்லை என்று ஜூன் 22 காலையில் எனக்குத் தெரிந்துவிட்டது. இன்றோடு எட்டு நாள். இந்த எட்டு நாளில் டாக்டருக்குச் சொன்னேன், வீட்டில் சொன்னேன், ஜெசிந்தாவுக்குச் சொன்னேன், சிப் விற்கும் வெளிநாட்டுக்காரருக்குக்கூட மன்னிப்புக் கேட்டு எழுதினேன். சொல்ல வேண்டிய ஒருவர் போன் செய்து தலைக்குத் தண்ணீர் ஊற்றாதீங்க என்கிறார்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. துணி அவர் குடோனில் கிடக்கிறது. இன்னும் பத்து நாளில் வேஸ்ட் வியாபாரியிடம் போய்விடும், சாட்சியும் இருக்காது. நான் திரும்பிப் போய், சத்தமில்லாமல் ஸ்கேல் வைத்து அளக்க ஆரம்பிக்கலாம். வயதாக ஆக எவ்வளவு பொறுப்பு என்று பாராட்டக்கூடச் செய்வார்கள். சொன்னால் மேஜை போகும். ஒரு கையெழுத்து தப்பென்று ஆகிவிட்டால், இருபத்தோரு வருடக் கையெழுத்துகளையும் யாராவது ஒருவர் எடுத்துப் பார்க்காமல் இருக்க மாட்டார்.

ஊசி செவ்வாய்க்கிழமை. அதற்கப்புறம் போனால் கண்ணில் கட்டு இருக்கும். சிவப்பிரகாசம் நாற்காலி போடுவார், பெண்கள் மோர் கொண்டுவருவார்கள், செல்லாண்டி எனக்கு ஆறுதல் சொல்வார். அப்படியொரு மன்னிப்பை நான் சுலபமாக வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

அதனால் நாளை காலை எட்டரைக்குக் கம்பெனிக்குப் போகிறேன். ரிஜெக்ட் நோட்டை வாங்கி, இரண்டு இடத்திலும் என் கையெழுத்துக்குக் கீழே, பார்த்தவரின் வலது கண்ணில் கோளாறு, துணி அளக்கப்படவில்லை என்று எழுதித் தேதி போடுவேன். மேஜைப் பெண்களை வைத்துக்கொண்டே சொல்வேன். துணியை வரவழைத்து, செல்லாண்டியை நிற்க வைத்துக்கொண்டு, வேறு யாராவது அளக்க வேண்டும். இரண்டில் ஒன்று நிஜமாகவே வளைந்திருந்தாலும் இருக்கட்டும், அதைச் சொல்வது நானாக இருக்கக் கூடாது.

குணசீலன் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். சொன்னால், ஊசி முடியட்டும் என்பார், மனசை அலட்டிக்காதே என்பார், அடுத்த வருடம் நறுமுகைக்குக் காலேஜ் என்பார். மூன்றும் நியாயமாகத்தான் இருக்கும். அதனால்தான் அவரிடம் சொல்லவில்லை.